தீங்கின் அளவு



எலுமிச்சையின் இளந்தளிரில் வெள்ளிக் கம்பி போல வளைந்து செல்லும் கோட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். அதனை வரைவது இலைத்துளைப்பான் என்னும் சிறிய அந்துப்பூச்சியின் புழுவாகும். கல்கத்தாவில் கிடைத்த பூச்சியைக் கொண்டு, 1856-ஆம் ஆண்டில் ஸ்டெயின்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். இதன் விரித்த சிறகின் அகலம் ஏறத்தாழ 4 மில்லிமீட்டரே. ஆகையால் கோட்டைக் கண்டவர் பலராயினும் பூச்சியைக் கண்டவர் சிலரே.

முட்டையினின்று வெளிப்பட்ட புழு, இலையின் மெல்லிய தோலுக்கு அடியில் புகுந்து உண்டு வளர்கிறது. இறுதிப் பருவத்தில் உணவை விடுத்துப் பட்டிழை நூற்று, இலையோரத்தை மடித்து அதனுள் கூடு கட்டுகிறது. சிறகு பெற்றபின் சிறிது காலமே வாழ்கிறது. இலையோ சுருண்டு கோணலாகிறது. கண்டவர் உடனே நஞ்சைத் தேடுகிறார். நம் உடைமைக்குக் குறை செய்தது என்பதொன்றே ஓர் உயிரைப் போக்கப் போதிய காரணமாகுமா?

தீங்கே இல்லையென்று நாம் கூறோம். சில இலைகளே உடைய இளங்கன்று இதனால் நலிவுறும். புழு துளைத்த புண்வழியே சொறிநோயும் புகும். கன்றை நம்பி வாழும் ஏழையின் துயரும் துயரன்றோ? ஆனால் வளர்ந்த மரத்தின் நிலை வேறு. புழு முற்றிய இலையை நாடுவதில்லை. நான்கு ஆண்டுகளைக் கடந்த மரம் இச்சேதத்தைத் தாங்கும், விளைச்சல் குறையாது என்று கலிபோர்னிய வேளாண் அறிஞர் உரைக்கின்றனர். மேலும், தோலுக்கடியில் உள்ள புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் எட்டாது. அப்புழுவை உண்டு வாழும் சிறு குளவிகளையே அது மாய்க்கும்.

ஆலையில் ஓர் இழை அறுந்தால் நாம் பாவு முழுவதையும் அறுத்தெறிவதில்லை. அவ்விழையை மட்டுமே முடிகிறோம். இங்கும் அதுவே முறை. தீங்கு எவ்வளவு, எவருக்கு, கொல்லாமல் காக்கும் வழி உண்டா என்று முதலில் வினவுவோம். பூச்சி பெருகும் காலத்தில் உரமிடாதிருத்தலும், அடிமரத்தில் எழும் வீண்கிளைகளைக் களைதலும் அத்தகைய வழிகள். இவற்றாலும் காக்கவியலாத கன்று உண்டெனில், செய்வது அக்கன்றின் அளவிலேயே நிற்கட்டும்; தோட்டம் முழுவதும் பரவ வேண்டா.

கண்ணுக்குக் கோணலாகத் தோன்றுவது தீங்கின் அளவுகோல் அன்று. ஆராயாது ஓங்கும் கை புழுவின்மீது பழகிவிட்டால், நாளை மனிதர்மீதும் அவ்வாறே ஓங்கும். ஆகவே அறிந்து, அளந்து, பின்னரே செயற்படுவோமாக.