பெயின்டுக்கு முந்திய வேலை

பழைய மாருதி 800-க்கு வீட்டிலேயே பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள் முதலில் யோசிப்பது நிறத்தைத்தான். உண்மையில் வேலையின் பெரும்பகுதி நிறம் ஏறுவதற்கு முன்பே முடிந்துவிடும். கதவின் அடிவிளிம்பில் கொப்பளித்திருக்கும் துருவை 80 நம்பர் உப்புத்தாளால், வெறும் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். துருவின்மேல் பட்டி வைத்தால் துரு உள்ளேயே வளர்ந்து மறுபடி வெடித்துக்கொண்டு வரும்.

துரு நீக்கிய இடத்தில் வைத்த பட்டி காய்ந்ததும் அதைத் தேய்த்துவிட்டு, கண்ணை மூடி, உள்ளங்கையை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பார்வைக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் கை தடுக்கும். அந்த மேட்டை எந்தப் பெயின்டும் மறைக்காது; பளபளப்பு ஏற ஏற இன்னும் எடுப்பாகத் தெரியும். அடுத்து அடிக்கும் பிரைமரின்மேல் தண்ணீர் விட்டு 400, பிறகு 600 நம்பர் வாட்டர் பேப்பர் தேய்க்கும் கட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. அவசரப்படுபவர்கள் தாண்டிவிடுவதும் அதைத்தான்.

ஈரக்காற்று அடிக்கும் நாளில் ஸ்ப்ரே கன்னைத் தொடாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து, பெயின்ட் பால்போல் வெளுத்துவிடும். ஹார்டனர் கலக்கும் டூ-கே பெயின்டை மட்டும் பட்டறைக்கே விட்டுவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட்டைச் சாதாரண முகக்கவசம் தடுக்காது. அது தீராத ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடும். முதல் முறை என்றால் முழு வண்டியையும் எடுக்காமல் டிக்கி கதவை மட்டும் செய்து பாருங்கள். நிறத்தையே மாற்றுவதானால் வண்டியின் பதிவுச் சான்றிதழிலும் (ஆர்.சி.) மாற்ற வேண்டும்.