இடைவெளி

மாக்ரோ லென்ஸ் வாங்கும்போது 60 மி.மீ.யை விட்டு 100 மி.மீ.யை எடுத்தேன். 1:1இல் இரண்டுமே பூச்சியை ஒரே அளவில்தான் பதிவுசெய்யும். வித்தியாசம், பூச்சிக்கு நாம் விட்டுவைக்கும் இடைவெளியில்.

f/8இல்கூடத் தெளிவாக விழுவது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண்ணைப் பிடித்தால் சிறகு கலங்கிவிடும். முழுத் தெளிவுக்குப் பல படங்களை எடுத்து அடுக்கவேண்டும். அதுவரை பூச்சி அசையக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்து மரக்கச் செய்து எடுப்பவர்கள் உண்டு. ஒருமுறை நானும் ஒரு தும்பியை அப்படி எடுத்தேன். படத்தில் எல்லாம் தெரிந்தது, அது பறந்துபோயிருக்கக்கூடும் என்பதைத் தவிர.

இப்போதெல்லாம் ஒரே படம்தான். கலங்கிய சிறகைத் திருத்துவதில்லை. ஆனாலும் நண்பர்கள் பாராட்டுவது அந்தப் பழைய தும்பியைத்தான். குளிர்பெட்டியைப் பற்றி நான் அவர்களிடம் இதுவரை சொல்லவில்லை.