வழி தப்பும் தேனீ

கொல்லலாகாது என்று தடுக்கப்பட்ட ஓர் உயிரை, கொல்லாமல் வழி தவறச் செய்துவிட்டால் அந்தத் தடையை நாம் பேணியவர்களாவோமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கொல்லக் கூடாதெனத் தடுத்த நான்கு உயிர்களில் தேனீயும் ஒன்றென்று அபூதாவூதில் வரும் ஹதீஸ் கூறுகிறது. திருமறையின் 16-ஆம் அத்தியாயத்துக்கே 'அந்நஹ்ல்', தேனீ, என்று பெயர். அதன் 68, 69-ஆம் வசனங்களில் அல்லாஹ் தஆலா தேனீக்கு வஹீ அறிவித்ததாகச் சொல்கிறான். இங்கே வஹீ என்பது உள்ளுணர்வாக ஊட்டிய அறிவு என்பர் விரிவுரையாளர்கள். கூடு கட்டவும், கனி வர்க்கங்களில் உண்ணவும் சொன்னதோடு, இறைவன் எளிதாக்கித் தந்த வழிகளில் செல்லும்படியும் அதற்கு ஏவப்பட்டது.

அந்த வழி எப்படிப்பட்டது? இரை கண்ட தேனீ, இருண்ட கூட்டுக்குள் ஆடிக் காட்டும் ஆட்டத்தால் சூரியனை வைத்துத் திசையையும், தூரத்தையும் தன் இனத்துக்கு உணர்த்துகிறது. இதை விளக்கிய கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்த வழியறிவைத்தான் இன்றைய பூச்சிக்கொல்லிகளில் சில தாக்குகின்றன. 'நியோநிகோடினாய்டு' வகை நஞ்சுகள் விதையில் பூசப்பட்டால் செடி முழுவதும் பரவி, பூந்தேனுக்கும் மகரந்தத்துக்கும் வந்து சேரும். பிரான்சில் ஆராய்ச்சியாளர்கள், கொல்லாத அளவில் தயாமீதாக்ஸாம் கலந்த சர்க்கரைப் பாகைத் தேனீக்களுக்கு ஊட்டி, நுண்ணிய அடையாளச் சில்லு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். கூடு திரும்பாதவை மிகுந்துவிட்டதை 2012-இல் வெளியிட்டார்கள். கூடு திரும்பாத தேனீ வெளியிலேயே மடிகிறது. நஞ்சின் அளவு 'கொல்லாத அளவு'தான்!

தேனீ சுவை பார்த்து விலகிக்கொள்ளாதா என்று கேட்கலாம். இந்நஞ்சுகளின் சுவையைத் தேனீ உணர்வதில்லை. நஞ்சில்லாத பாகைவிட நஞ்சு கலந்ததையே அதிகம் உண்டது என்று 2015-இல் பிரிட்டனில் செய்த சோதனை காட்டிற்று. இதை நம் விவசாயிகள் 'மருந்து' என்றே அழைக்கிறார்கள். மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதாகத் திருமறை சொல்வதோ தேனில்.

விவசாயி மட்டும் குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. பூச்சி தின்ற வயலைப் பார்த்து நிற்பவனுக்குக் கடனும் பிள்ளைகளும் உண்டு. 2008-இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தவர்களும் தேனீயை அழிக்க நினைக்கவில்லை. விதையில் சரியாக ஒட்டாத குளோதியானிடின், விதைப்பு இயந்திரத்தின் காற்றில் தூசாகப் பறந்து அக்கம்பக்கத்துப் பூக்களில் படிந்தது. 11,000-க்கும் அதிகமான தேனீக் குடும்பங்கள் பாதிப்புற்றன. ஆனால், தெரியாமல் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவருக்குப் பாவம் இல்லாதிருக்கலாம், ஈடு செய்யும் கடமை நீங்காது என்பது ஃபிக்ஹு சட்டம். தெரிந்த பின்போ, அறியாமை என்ற சாக்கும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று நஞ்சுகளைத் திறந்த வயல்களில் பயன்படுத்துவதை 2018-இல் தடை செய்தது.

அத்தகைய தடை இல்லாத ஊரில் இருப்பவர், பூக்கும் பருவத்தில் தெளிக்காதிருக்கலாம். தெளித்தே ஆகவேண்டுமானால், பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு முந்தின நாளே சொல்லியனுப்பலாம். அது அண்டை வீட்டாரின் ஹக்கு. தேனீக்குச் சொல்லியனுப்ப முடியாது. அது கூடடைந்த பின், மஃரிபை ஒட்டித் தெளிக்க முடியும்.