திக்கும் நானும்

புதுவைக்கு வடக்கே, காலாப்பட்டையும் கடந்து, கனகசெட்டிக்குளத்துக் கடற்கரையில் நின்று கிழக்கு எதுவென்று வினவுவோர்க்குக் கடலே விடை. அங்கே கிழக்கு என்பது கண்முன் விரிந்து கிடக்கும் நீர். கரைவழியே எவ்வளவு, கரைவிட்டு எவ்வளவு, ஆழம் எத்தனை பாகம் என்ற மூன்று அளவுகளால் வலையிடும் இடத்தை மனத்தில் நிறுத்தும் தொழில் மீனவருடையது. இன்று படகில் செல்லும் ஜி.பி.எஸ். கருவியும் மூன்று எண்களையே தேடுகிறது; எனினும் அவை எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்ற வினாவில் ஒரு தத்துவ விசாரமே அடங்கியிருக்கிறது.

தர்க்க சங்கிரகம் என்னும் நியாய-வைசேஷிக நூலைப் பாடங்கேட்டவர் அறிவர்: ஒன்பது திரவியங்களுள் காலத்தை அடுத்துத் திக்கும், திக்கை அடுத்து ஆன்மாவும் நிற்கின்றன. திக்கு ஒன்றே, எங்கும் நிறைந்தது, நித்தியமானது. கிழக்கு மேற்கு என்னும் பேதமெல்லாம் சூரியனின் உதயம் முதலிய உபாதிகளால் வந்தவை என்பது வைசேஷிகர் துணிபு. பிரெஞ்சு ஞானியான தெக்கார்த்தோ, 'நான்' என்பதை ஐயத்துக்கு அப்பாற்பட்ட நிச்சயமாக நாட்டிய 1637ஆம் ஆண்டு நூலின் அநுபந்தமாகவே, ஆய அச்சுகளுக்கு வித்திட்ட வடிவகணிதத்தை வெளியிட்டார். அளப்பதற்கு ஒரு மூலம் வேண்டும். அதில் மனிதன் தன்னையே நிறுத்திக்கொள்வது எவ்வளவு இயல்பு!

நிரல்மொழி இவ்விஷயத்தில் மௌனம் காக்கிறது. சி மொழியில் எக்ஸ், ஒய், இசட் என மூன்றை அறிவித்தால், அவை எண்கள் என்பதை அது அறியும். இசட் உயரமா ஆழமா, மூலம் எங்கே என்பவற்றை அறியாது. முப்பரிமாண உருவம் வரையும் பிளெண்டர் மென்பொருளில் இசட் மேல்நோக்கும், வலக்கை முறை. விளையாட்டுகள் ஆக்கும் யூனிட்டி மென்பொருளில் ஒய் மேல்நோக்கும், இடக்கை முறை. மாற்றாமல் கொண்டுபோனால் அதே எண்கள் உருவத்தைச் சாய்த்துக் கண்ணாடிப் பிம்பமாக்கிவிடும். உபாதி நிரலாளன் மனத்தில் உள்ளதேயன்றி எண்ணில் இல்லை. வைசேஷிகர் கொள்கைக்கு இதனினும் தெளிவான திருஷ்டாந்தத்தை நான் கண்டதில்லை.

படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவி தன் மூன்று எண்களை அறியக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களை நாடுகிறது; தன் கடிகாரப் பிழையும் அறியாப் பொருளாகையால், காலத்தைத் தீர்க்காமல் திக்கைத் தீர்க்க அதற்கு வழியில்லை. அது கொள்ளும் மூலமோ பூமியின் நிறைமையம்: படகுக்கடியில் சுமார் 6,377 கிலோமீட்டரில், ஒருவரும் சென்றிராத, ஒருவருக்கும் சொந்தமில்லாத இடம். மூலத்திலிருந்து 'நான்' பெயர்க்கப்பட்ட பிறகே அக்கணக்கு ஒரு மனிதனுக்கு அவன் நிற்குமிடத்தைச் சொல்கிறது என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது. விடியலில் வலையை ஏற்றிக்கொண்டு அவன் கனகசெட்டிக்குளத்துக்குத் திரும்புகையில், கரையில் நிற்பவர்க்கு எதிரே தெரியும் அதே கிழக்கு அவனுடைய முதுகுப்புறம் இருக்கிறது.