விட்டுவிட்ட மீன்

ஓர் உயிரைக் கொல்லாமல் விடுவது ஒன்றே அருளாகிவிடுமா? பல ஆண்டுகளாக என் மனத்தை விட்டு அகலாத வினா இது.

2009ஆம் ஆண்டில், அலுவலக நண்பர் மூவருடன் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பீமேசுவரிக்குச் சென்றிருந்தேன். காவிரி அங்கே காட்டினூடே பாறைகளில் மோதி ஓடுகிறது. பகலில் பரிசலில் மிதந்தோம். இரவில் கரையோரக் கூடாரத்தில் தங்கினோம். கோப்புகளிடையே உழன்ற மனத்துக்கு அந்த நீரோசை மருந்தாயிற்று.

அந்நாளில் அங்கே மகசீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிக்க அனுமதி உண்டு. பிடித்ததை உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விதி. மகசீர், கெண்டைக் குடும்பத்துப் பெருமீன். 1946இல் காவிரியின் துணையாறான கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையிருந்தது.

பரிசல்காரர் கேழ்வரகு மாவை உருட்டித் தூண்டில் முள்ளில் பொதிந்து தந்தார். நெடுநேரம் காத்திருந்தபின் நரம்பு சீறிக்கொண்டு ஓடியது. கால்மணி நேரம் போராடி ஓய்ந்த மீன் கரை சேர்ந்தது. எட்டுக் கிலோ இருக்கலாம். உதட்டில் குருதி கசிந்தது. படம் எடுத்துக்கொண்டு நீரில் விட்டேன். சற்றே அசைவற்றுக் கிடந்து, பின் வாலசைத்து மறைந்தது. நண்பர்கள் கைதட்டினர். உயிர்ப்பிச்சை அளித்தவன் போல் நான் பெருமிதம் கொண்டேன்.

பரிசல்காரர் மட்டும் மெல்லச் சொன்னார்: "நான் அந்தக் காலத்துல வெடி வெச்சு மீன் பிடிச்சவன் சார். அது வயித்துக்கு. இது எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் புரியல."

என் தந்தையாரின் நினைவு வந்தது. கரூருக்கு அருகே இதே காவிரிக் கரையில் வாழ்ந்தவர். வீட்டார் உண்ணுமளவு மீன் கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுவார். கொன்று உண்ட அவரைவிட, வருத்திவிட்டுத் திருப்பி விட்ட நான் எவ்வகையில் உயர்ந்தவன்?

தூண்டிற்காரர் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் தந்த பணத்தால் பிழைத்த உள்ளூரார், வெடிவைப்போரிடமிருந்து ஆற்றைக் காத்தனர். பின்னர் காப்புக் காட்டினுள் அவ்விளையாட்டு நிறுத்தப்பட்டது. காவிரியின் திமில் மகசீர், அழிவின் விளிம்பில் நிற்கும் இனமென 2018இல் அறிவிக்கப்பட்டது. இன்ப நாட்டத்தாலும் நன்மை விளையக்கூடும், மறுக்கவில்லை. ஆயினும் விளைந்த நன்மையைக் காட்டி, என் களிப்பைக் கருணை என்று நான் அழைக்கலாகாது. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்னதாக இன்னா செய்யாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். கொல்லாதிருத்தலே போதுமெனில் முன்னது எதற்கு?

விடுமுறை முடிந்து மேசைக்குத் திரும்பினேன். ஒரு மூதாட்டியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு, நான் கவனியாமையால் நான்கு மாதமாக அடியில் கிடந்தது. அன்றே மேலே அனுப்பினேன். செய்தியறிந்து வந்த அம்மையார், "மகராசனா இருப்பா" என்று கைகூப்பினார். பரிசல்காரரின் சொல் அப்போதுதான் எனக்கு முழுமையாக விளங்கியது. "தாமதம் என்னால்தான் அம்மா, மன்னித்துவிடுங்கள்" என்றேன்.

நாம் இழைத்த துன்பத்தை நாமே நீக்குவது கடன். அதற்கு நன்றி பெறும் உரிமை நமக்கு இல்லை. அருள், தூண்டிலை எடுக்குமுன்னரே தொடங்க வேண்டும்.