முதலில் யார்?

நர்சுகளுக்கான உரிமத் தேர்வில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு கேள்வி உண்டு. நாலு நோயாளிகளைச் சொல்வார்கள். இவர்களில் யாரை முதலில் போய்ப் பார்ப்பாய்? மருந்துப் பேரு, அளவுக் கணக்கு எல்லாம் மனப்பாடம் பண்ணிடலாம். இதைப் பண்ண முடியாது. இது மருத்துவக் கேள்வி மட்டுமில்லை, அறம் பற்றிய கேள்வியும்தான் என்று எனக்குப் படுகிறது.

இங்கே நர்சிங் பரீட்சையில் பாஸானால், 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாநில கவுன்சிலில் பதிந்துகொண்டு வேலைக்குப் போகலாம். அமெரிக்காவில் வேலை செய்யணும்னா என்கிளெக்ஸ் எழுதணும். கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து மணி நேரம்வரை உட்காரணும். சரியாச் சொன்னா அடுத்தது இன்னும் கஷ்டமா வரும். 2023 ஏப்ரலிலிருந்து குறைஞ்சது 85 கேள்வி, அதிகம் போனா 150. தஞ்சாவூரில் ஒரு வாடகை அறையில் நாலு பெண்கள் சேர்ந்து இதுக்குப் படிச்சோம். நாலு பேரும் கடைமடைச் சேரிகளிலிருந்து வந்தவர்கள்.

காவேரிப் பாசனத்தில் பிறந்தவளுக்கு 'முதலில் யார்' என்பது புதுக்கேள்வி இல்லை. மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 தண்ணி திறந்தா, முதலில் நனைவது தலைமடை. கடைமடைக்கு வர நாளாகும். சில வருஷம் வந்தே சேராது. ஊருக்குள்ளும் இதே வரிசைதான். மிராசுதார் வயலில் நடவு முடிஞ்ச பிறகுதான் பண்ணையாள் தன் வீட்டு வேலையைப் பார்க்கலாம். திருவிழாவிலும் சாமி முதலில் எந்தத் தெருவுக்குப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. பிறப்பு முன்னாடியே பதில் சொல்லி வச்சிருக்கு.

தேர்வு சொல்ற வரிசை வேற. மூச்சு வழி, மூச்சு, இரத்த ஓட்டம். நாங்க போட்டுப் பார்த்த ஒரு கணக்கு இது. ஒருத்தர் ஆபரேஷன் முடிஞ்சு இரண்டாம் நாள், வலியில் கத்துறார். ஒருத்தர் டிஸ்சார்ஜ் சீட்டு கேட்டு அதட்டுறார். ஒருத்தருக்குக் காய்ச்சல், முனகுறார். நாலாவது ஆளுக்கு ஆஸ்துமா. காலையிலிருந்து இழுத்துக்கிட்டு இருந்தவர், இப்போ சத்தமே இல்லை. பழகாத கண்ணுக்கு அவர் தேறிட்டார்னு தோணும். ஆனா நெஞ்சுக்குள்ள காத்தே போகலை, அதான் சத்தம் இல்லை. அவர்தான் முதல்.

நெப்போலியன் படையின் மருத்துவர் டொமினிக் லாரே போர்க்களத்தில் இந்த வரிசையைக் கொண்டுவந்தார். காயத்தின் கடுமைதான் கணக்கு, பதவி இல்லை. இருநூறு வருஷம் கழிச்சும் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இதுதான் அடிப்படை. இதை யாரும் அநியாயம் என்று சொல்வதில்லை. படிப்பு, வேலை என்று வரும்போது மட்டும் அதே ஆட்கள் 'தகுதி இருக்கிறவன் முதல்ல' என்கிறார்கள்.

இதைச் சொன்னப்போ கூடப் படிச்சவள் சண்டைக்கு வந்தாள். "ஏண்டி, நாம என்ன நோயாளிங்களா? பாவம்னு பார்த்து நம்மள முன்னாடி விடணுமா?" நியாயமான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சுதான் எனக்குப் பதில் கிடைச்சுது. வார்டு வரிசையில் பாவம் பார்க்கிறதே கிடையாது. உரிமம் வாங்கின நர்சு மூச்சு முட்டுறவரை முதலில் பார்ப்பது தயவு இல்லை, கடமை. பார்க்காமல் போனால் தப்பு அவள் மேல். அதோட, மூச்சு வழியை எது அடைச்சிருக்குன்னு தேடி எடுக்கிறதுதான் அவளோட முதல் வேலை. ஆஸ்துமாவை யாரும் திட்டம் போட்டு வைக்கலை. நம்ம மூச்சை அடைச்சது மனுஷன் கை. அந்தக் கையை எடுக்கச் சொல்வது சலுகை கேட்பதாகாது.

ஆனா தேர்வைப் பெரிசா கொண்டாடவும் வேண்டாம். கேள்வியில் இருக்கும் நியாயம் தேர்வறை வாசலில் இல்லை. கட்டணம் 200 டாலர், நம்ம நாட்டிலிருந்து எழுதினா மேல 150 டாலர். கேள்வியெல்லாம் இங்கிலீஷ். நம்ம அரசும் பெரிய ஒழுங்கில்லை. 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் பரீட்சை வச்சு எடுத்த நர்சுகளுக்கு மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. யார் முதலில் என்று தெரிஞ்சவர்களையே கடைமடையில் நிறுத்தினார்கள்.

இருந்தாலும் அந்த ஒரு விதியை நாம் விடக்கூடாது. அதை வார்டுக்கு வெளியே கொண்டுவரணும். "அந்தச் சேரியில ஒரு பிரச்சினையும் இல்ல, அமைதியாத்தான் இருக்காங்க" என்று அதிகாரிகள் சொல்லும்போது, நர்சு வேலை தெரிஞ்ச எவளும் அங்கதான் முதலில் போவாள்.