யாருடைய நிம்மதிக்காக?

பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் பழுதுற்ற ஒருவருக்கு மாதந்தோறும் முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டு செல்வது நம் வழக்கம். அவருடைய கால்கள் முற்றிலும் செயலிழந்துவிடவில்லை. ஆயினும், இரவில் அவை திடீரென மரக்கட்டைபோல் விறைத்து உதறும். அவரோடு வீட்டாரும் உறக்கம் இழப்பர். ஒருமுறை நாம் சென்றபோது அவர் பட்டப்பகலில் கண்ணயர்ந்து கிடந்தார். மருத்துவர் எழுதிய அளவுக்கு மேல் மாத்திரை கொடுத்து வருவதாக அவர் மனைவி தயக்கத்துடன் கூறினார். விழித்தெழுந்தவர் நம்மிடம் சொன்னது இதுதான்: “கால் விறைச்சா வலிக்குது சாமி. ஆனா அந்த விறைப்பை ஊணித்தான் நான் எந்திரிச்சு நிக்கேன். இப்ப அதுவும் போச்சு.”

அச்சொல் நம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

தசை விறைப்பு, வலிமை மிகுதியால் வருவதன்று. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கிவரும் கட்டுப்படுத்தும் ஆணைகள் தடைபடும்போது, தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்கள் கடிவாளமின்றிப் பெருகித் தசைகளை இறுக்குகின்றன. தண்டுவடக் காயத்திலும் பக்கவாதத்திலும் பிறவி மூளைவாதத்திலும் இதனைக் காண்கிறோம். 1962-இல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோய்க்கென உருவாக்கப்பட்ட பேக்லோபென் என்னும் மருந்து, அந்நோய்க்குப் பெரிதும் உதவாவிடினும், இவ்விறைப்பைத் தளர்த்தப் பயன்பட்டது. பெரும்பாலும் 5 மில்லிகிராம் அளவில் நாளுக்கு மூன்று வேளையெனத் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்டுவர். டிசானிடின், டயசிபாம் ஆகியனவும் உதவும். குறிப்பிட்ட சில தசைகள் மட்டும் இறுகியிருந்தால் பொட்டுலினம் என்னும் கொடிய நஞ்சையே மிக நுண்ணிய அளவில் ஊசிவழி செலுத்துவர்; அதன் பயன் ஏறத்தாழ மூன்று மாதங்கள் நிற்கும்.

எனினும், வாய்வழி உட்கொள்ளும் மருந்து வேண்டாத விறைப்பையும் வேண்டிய உறுதியையும் பிரித்தறிவதில்லை. விறைப்போடு வலுவையும் விழிப்பையும் அது குறைக்கக் கூடும். மேலும், விறைப்பு சிலவேளைகளில் ஓர் அறிவிப்பாகும். சிறுநீர் தேங்கினாலும் மலச்சிக்கல் உண்டானாலும் படுக்கைப்புண் தோன்றினாலும், உணர்விழந்த உடல் அதனை விறைப்பின் வழியே தெரிவிக்கிறது. காரணத்தைத் தேடாமல் மாத்திரையைக் கூட்டுவது, அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

இங்கே நாம் இரு தவறுகளுக்கு ஆளாகக்கூடும். முதலாவது, “கடவுள் தந்த சிலுவை, பொறுத்துக்கொள்” என்று சொல்லி மருந்தை மறுப்பது. இது திருச்சபையின் போதனையன்று. 1957-இல் மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், வலி நீக்கும் மருந்தை ஏற்பது கிறிஸ்தவருக்கு ஆகும் எனத் தெளிவுபடுத்தினார். துன்பத்தின் மீட்புப் பொருளை விளக்கி 1984-இல் மடல் எழுதிய புனித 2-ஆம் யோவான் பவுலும், அதன் இறுதிப் பகுதியில் நல்ல சமாரியரையே நம் கண்முன் நிறுத்தினார். துன்புறுபவருக்குத் துணை செய்வதும் துன்பத்தின் நற்செய்தியைச் சேர்ந்ததே.

இரண்டாவது தவறு நுட்பமானது. நோயாளரின் துன்பத்தைத் தணிப்பதாக எண்ணிக்கொண்டு, அத்துன்பத்தைக் காண நேரும் நம் துன்பத்தைத் தணித்துக்கொள்வது. அவர் அமைதியாகக் கிடக்கிறார். நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் எழுந்து நிற்கும் ஆற்றலையும், பேரப்பிள்ளைகளோடு பேசும் விழிப்பையும் விலையாகக் கொடுத்தவர் அவரல்லவா? அந்த விலையைக் கொடுக்க அவருக்குச் சம்மதமா என நாம் கேட்டோமா?

எரிகோ நகருக்கு வெளியே பர்த்திமேயு என்னும் பார்வையற்றவர் கூவி அழைத்தபோது, அவருக்கு வேண்டியது என்னவென்று எவருக்கும் விளங்கியிருக்கும். ஆயினும் ஆண்டவர் இயேசு, தாம் என்ன செய்ய வேண்டுமென அவரையே கேட்டார். எல்லாம் அறிந்தவரே கேட்டார் என்றால், பாதி அறிந்த நாம் கேளாதிருப்பது எங்ஙனம்?

வீட்டாரைக் குறைகூறுவது எளிது. பகலெல்லாம் கூலிவேலை செய்து, இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவியின் களைப்பு கடவுள்முன் சிறியதன்று. அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. மாதம் ஒருமுறை சென்று பத்து நிமிடத்தில் திரும்பிய நாம், அவ்வீட்டில் இரவு யார் விழித்திருக்கிறார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தனித்து விடப்பட்டவர் கூடுதல் மாத்திரையைத் தேடியதில் வியப்பென்ன?

பேக்லோபெனைத் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரிடலாம் என்பதால், எதையும் தாமாகச் செய்யாமல் மருத்துவரிடமே செல்லுமாறு சொன்னோம். கணவனும் மனைவியும் சேர்ந்து சென்றனர். அவர் எதற்காகக் கால் உறுதி வேண்டுமென்று கேட்டறிந்த மருத்துவர், பகல் அளவைப் படிப்படியாகக் குறைத்து இரவு அளவை மட்டும் நிலைநிறுத்தினார். வாரத்தில் இரண்டு இரவுகள் அன்பியத்தார் முறைவைத்து அங்கே துணையிருக்கின்றனர். அவர் கால்கள் இன்னும் விறைக்கத்தான் செய்கின்றன. சென்ற முதல் வெள்ளியன்று கட்டிலைப் பற்றி, அவ்விறைப்பிலேயே ஊன்றி எழுந்து நின்று, ஆமென் என்று சொல்லி ஆண்டவரைப் பெற்றுக்கொண்டார்.